இடம் மாறிப்போன செவலை

நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. போன மாதம் திண்டுக்கல்லில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாய்க் கருத்தடை பற்றிப் பயிற்சி நடந்தது. பழைய ஆள் ஒருத்தர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள், போனேன். இப்போது எல்லாமே கைப்பேசியில் நடக்கிறது. நாயைப் பிடிக்கும் இடத்திலேயே படம் எடுக்கிறார்கள். இடமும் நேரமும் படத்தோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது. ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், ஆபரேஷனும் பண்ணியாச்சு, வெறிநாய் ஊசியும் போட்டாச்சு. அப்புறம் அது எந்த ஊர்ல இருந்தா என்ன? பிடிச்ச எடத்துலயேதான் விடணும்னு எதுக்கு இம்புட்டு கெடுபிடி?"

எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். "அதுதான் விதி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாயின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முதலில் என் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெயர் மும்தாஜ். கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக வேலை பார்த்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. உதைக்கிற மாட்டை எப்படிக் கட்டுவது, ஆட்டுக்கு எந்தப் பக்கம் நின்று மருந்து புகட்டுவது, கோழிக்குக் கண்ணில் சொட்டு எப்படி விடுவது என்று கற்றுக்கொண்டேன். முதல் பதினைந்து வருடம் மாடும் ஆடும் கோழியுமாகப் போனது. அதன் பிறகுதான் கிராமங்களில் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணிக்கு என்னை மாற்றினார்கள்.

ஆர்டரைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டில் நாயைத் தொடுவது கிடையாது. நாய் எச்சில் பட்டால் கழுவிக் குளித்து உடுப்பு மாற்றாமல் தொழுகைக்கு நிற்க முடியாது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று இரண்டு நாள் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் வேலை பார்த்தவர். மூன்றாம் நாள் ஒரு பிளம்பரைக் கூட்டி வந்து, பின்வாசலில் தனியாக ஒரு குழாயும் மறைப்பும் போடச் சொன்னார்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"நீ வேலை முடிஞ்சு வந்தா இங்க குளிச்சு உடுப்பை மாத்திட்டு உள்ள வா. அம்புட்டுத்தான். வாயில்லாத சீவனுக்கு வைத்தியம் பாக்குறதுக்கு எவன் என்ன சொல்லப் போறான்?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

டாக்டர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை. எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். முதல் நாள் நான் போனபோது மேசையில் ஒரு பெட்டை நாயைத் தூக்கி வைத்திருந்தார்கள். அது பல்லைக் காட்டி உறுமியது. டாக்டர் குனிந்து, "ஏனுங்க அம்மிணி, பயமா இருக்குங்களா? செத்த நேரந்தானுங்க" என்றார். என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லைங்க சார், பழகிடும்" என்றேன். பக்கத்தில் நின்ற சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சவரிமுத்து எங்கள் வண்டியின் டிரைவர். நாய் பிடிப்பவரும் அவர்தான். "அக்கா, அவரு பேசுறது நாய்கிட்ட" என்றார். பெட்டை நாயெல்லாம் டாக்டருக்கு அம்மிணி; கடுவன் எல்லாம் தம்பி. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

எங்கள் இடம், கால்நடை மருந்தகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு கட்டடம். அறுவைக் கருவிகளைக் கொதிக்க வைக்கத் தனி எந்திரம் வரத் தாமதமானதால், டாக்டர் தன் கையிலிருந்து ஒரு பெரிய பிரஷர் குக்கரை வாங்கிப் போட்டார். கருவிகள் அதற்குள் வேகும். நாய்களுக்கு விரிக்கத் துணி வேண்டும். சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர்களிடம் போய்ப் பழைய சேலைகளையும் கழித்த துணியையும் மூட்டையாக வாங்கி வருவார். எங்கள் நாய்கள் மயக்கம் தெளிகிறபோது சுங்குடிப் புள்ளிச் சேலைமேல் படுத்திருக்கும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பிடித்து வந்த நாய்க்கு முந்தின நாள் சாயந்தரத்திலிருந்து சோறு கிடையாது. வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் போய்விடும். காலையில் எடை பார்ப்போம். எடை தெரியாமல் மருந்தை ஊசியில் ஏற்ற விடமாட்டார். மயக்கத்தில் நாய் கண்ணை மூடாது. கண் உலர்ந்து போகாமல் இருக்க நான் களிம்பு போடுவேன். நாக்கை வெளியே இழுத்து ஒரு பக்கமாக விடுவேன். வயிற்று முடியைச் சிரைத்து, மூன்று தடவை மருந்து போட்டுத் துடைப்பேன். தொப்புளுக்குக் கீழே டாக்டர் வைக்கும் வெட்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதற்குள்ளிருந்து கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுத்துத் தட்டில் வைப்பார். "மும்தாஜம்மா, ரெண்டும் முழுசா வந்துருச்சுங்களா, பாருங்க" என்பார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் நான் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த முடிச்சு. எத்தனை பஞ்சுத் துணி உள்ளே போனதோ அத்தனையும் வெளியே வந்ததா என்று வாய்விட்டு எண்ணுவோம். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் தையல் நிற்கும். ஒரு தடவை குறைந்த துணி டாக்டரின் செருப்புக்கு அடியில் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரை அவர் அசையவில்லை; யார் மேலும் கோபப்படவும் இல்லை.

வயிற்றைத் தைத்து முடித்ததும் வெறிநாய்த் தடுப்பூசி. ஆபரேஷன் ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிய, இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு வெந்நீர் நிரப்பிய குளுக்கோஸ் பாட்டில்களைத் துணியில் சுற்றி நாயின் இரண்டு பக்கமும் அணை கொடுப்பேன். மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுவிடும். கடைசி நாய் தலையைத் தூக்கித் தண்ணீர் நக்கிய பிறகுதான் டாக்டர் தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார். அது பல நாள் நாலு மணிக்கு மேல் ஆகிவிடும்.

கிராமங்களுக்குப் போனால் முதலில் ஊர்க் கூட்டம். சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இப்போது மாறிவிட்டார்கள். அங்கே ஆடு வளர்ப்பவர்கள் அதிகம். நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் குதறின. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை ஒரு நாய் கன்னத்தில் கடித்திருந்தது. பொறுக்க முடியாமல் யாரோ கறியில் விஷம் வைத்தார்கள். நிறைய நாய்கள் செத்தன. அவற்றோடு ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு மயில்களும் செத்தன. ஊர் கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் எங்கிருந்தோ புது நாய்கள் வந்தன. முன்னதைவிட மோசமான நாய்கள். அதற்குப் பிறகுதான் ஊராட்சித் தலைவர் எங்களைத் தேடி வந்தார்.

கூட்டத்தில் டாக்டர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க வெச்ச விஷத்துல உங்க ஊரு நாய் செத்துதுங்க. எடம் காலியாச்சுங்க. சோறு கெடக்கிற எடம் காலியா இருக்குமுங்களா? வெளியூரு நாய் வந்துருச்சு. அதுக்கு உங்களையும் தெரியாது, உங்க ஆட்டையும் தெரியாது. ஊசியும் போட்டிருக்காது. உங்க ஊரு நாயே ஊசி போட்டு, குட்டி போடாம, அதது எடத்துல படுத்திருந்தா, புது நாயை அதுவே உள்ள விடாதுங்க. ஒரு பொட்டைக்கு ஏழு கடுவன் சண்டை போட்டுட்டுத் திரியறது இருக்குதுல்லீங்க, அந்தச் சண்டையிலதான் குறுக்க போற புள்ளைகளைக் கடிக்குது. குட்டி போட்ட தாயி பக்கத்துல போனாலும் கடிக்குது. அது ரெண்டும் நின்னு போயிருமுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை. வெள்ளையம்மாள். புருஷன் இல்லாதவள், ஊருக்கு வெளியே பட்டி போட்டு நாற்பது ஆடு வைத்திருந்தாள். அவளிடம் செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய் இருந்தது. பெயரும் செவலைதான். விஷம் வைத்த நாட்களில் அதைத் தன் குடிசைக்குள்ளேயே கட்டிப் போட்டுக் காப்பாற்றியிருந்தாள்.

"எல்லா நாயையும் கொண்டு போங்க சார். செவலையை விட்ருங்க" என்றாள். "கருப்பையை எடுத்துட்டா தின்னு தின்னு குண்டாகி, படுத்த எடத்துல கெடக்குமாம். காவல் போயிரும். அது இல்லாட்டி நான் நாப்பது உருப்படியை எப்படிக் காப்பாத்துவேன்?"

உண்மையில் அந்த ஊரில் ஒவ்வொரு ஈற்றிலும் ஆறேழு குட்டி போட்டது செவலைதான். பாதிக் குட்டிகள் மெயின் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுச் சாகும். மீதி தெருவில் சேரும். டாக்டர் அவள் முன்னால் போய்ச் சொன்னார்:

"காவல் போகாதுங்க. குட்டி பெத்துப் பெத்து மெலிஞ்சு போயிருக்குதுங்க. அந்தப் பாரம் இல்லாட்டி இன்னும் பல வருசம் உங்களுக்கு உழைக்கும். நாலாம் நாள் காலையில நானே கொண்டாந்து உங்க பட்டி வாசல்ல விடறனுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "தாயி, நீயும் ஒரு பொம்பள. இவரு சொல்றது நெசமா?"

"நெசம்தாங்க்கா" என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அந்த வாரம் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த நாய்களில் ஒன்றும் செம்பட்டைப் பெட்டை. உயரமும் வாலும் அச்சு அசல் செவலைதான். அப்போது எண் சீட்டைக் கூண்டில்தான் கட்டுவோம். கழுத்தில் கட்டினால் கடித்துத் தின்றுவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் கூண்டுகளைக் கழுவுவதற்காக இரண்டையும் வெளியே எடுத்தேன். திரும்ப விடும்போது, ஒவ்வொரு நாயின் எண்ணும் அடையாளமும் எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் சீவன்களோடு புழங்கியவள், முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு. மாற்றி விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் விடியலில் சவரிமுத்து முதலில் ரெட்டியார்சத்திரம் பக்கம் போய் அந்த ஊர் நாய்களை இறக்கிவிட்டு வந்தார். பிறகு நானும் டாக்டரும் ஏறிக்கொண்டோம். வண்டி சாணார்பட்டிக்குப் போனது. வெள்ளையம்மாள் பட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் பால்சோறு. கூண்டைத் திறந்தோம். நாய் இறங்கியது. அவளைப் பார்த்துவிட்டு, ஆடுகளைப் பார்த்து மிரண்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். "இது எங்க செவலை இல்லையே" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அதற்குள் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். ஒரு வாலிபன், "செத்துப் போயிருக்கும் சித்தி. அதை மறைக்கத்தான் வேற நாயைக் கொண்டாந்திருக்காக" என்றான். இன்னொருவர் வண்டிச் சாவியைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் டாக்டர் முன்னால் வந்தார். "சாகலீங்க. இது ரெட்டியார்சத்திரத்துல விட வேண்டிய நாயுங்க, செவலை மாறி அங்க போயிருச்சுங்க. தப்பு எங்களது. இங்க பொறுப்பு நானுங்க. உங்க செவலையைத் தேடிக் கொண்டாந்து விடற வரைக்கும் இந்த ஊர்ல இனி ஒரு நாயையும் பிடிக்க மாட்டோமுங்க."

என் பெயர் அவர் வாயில் வரவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளையம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நானும் வாரேன். என் சத்தம் கேட்டாத்தான் வரும்" என்றாள். ஆடுகளை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, செவலை படுக்கிற சாக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அந்த மூன்று நாட்களைச் சொல்ல வேண்டும். சாணார்பட்டி திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, ரெட்டியார்சத்திரம் மேற்கே. நடுவில் டவுன், நாலு வழிச் சாலை, ரயில் பாதை. செவலை தன் ஊரைத் தேடிப் புறப்பட்டிருந்தால் இவை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும், வயிற்றில் நாலு நாள் புண்ணோடு. செவலையை இறக்கிவிட்ட தெருவிலும் வேறு நாய்கள் இருந்தன. புதுசாக வந்ததை விட்டுவைக்காது. முதலில் அந்தச் செம்பட்டைப் பெட்டையை அதன் தெருவில் இறக்கிவிட்டோம். அது வாலை ஆட்டிக்கொண்டு ஒரு டீக்கடை வாசலுக்குப் போய்ப் படுத்தது. "அது வீடு சேர்ந்திருச்சு" என்று வெள்ளையம்மாள் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலையில் ஆபரேஷன் மேசை; மதியத்துக்கு மேல் தேடல். இப்படியே டாக்டர் வகுத்துக்கொண்டார். முருங்கைத் தோட்டங்களில் தேடினோம். கோழிக்கழிவு கொட்டுகிற இடங்களில் தேடினோம். செவலையை இறக்கிய இடத்தில் அந்தச் சாக்கை விரித்து, பக்கத்தில் சோறு வைத்தோம். ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கிற ஒவ்வொரு நாய்க்கும் வண்டி நின்றது. முதல் இரண்டு தடவை வெள்ளையம்மாள் இறங்கிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவளால் இறங்க முடியவில்லை. டாக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்தே தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு வெயிலில் நின்று அந்தச் செத்த நாயை ஓரமாக இழுத்து, மண் தள்ளி மூடிவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் திரும்பி வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. வண்டியின் பின்னால் நானும் அவளும்தான் இருந்தோம்.

"அக்கா, மாத்தி விட்டது டாக்டர் இல்ல. நான்தான்" என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும் தாயி. அன்னைக்கு நீ மூஞ்சியைத் தொடைச்சப்பவே தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த மனுசன் உன்னையக் காட்டிக் குடுக்கலை பாத்தியா. அதுக்காகத்தான் நானும் ஒண்ணும் சொல்லாம வாரேன்" என்றாள்.

டாக்டரிடமும் சொன்னேன். அவர் தலையசைத்தார். "எண்ணைக் கூண்டுல மட்டும் கட்டச் சொன்னப்ப நானும் சரின்னுதானுங்களே சொன்னேன்? இனி கழுத்துலயும் கட்டுவோம், கூண்டுலயும் கட்டுவோம். ஏத்தறப்ப ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் நோட்டுல பாக்கணுமுங்க" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு சொல்லும் இல்லை. நான் ஓய்வு பெறும் நாள் வரை, எந்த நாயை வண்டியில் ஏற்றும்போதும் அதன் எண்ணை உரக்கப் படிக்காமல் இருந்ததில்லை.

மூன்றாம் நாள், கன்னிவாடி போகும் பாதையில் ஒரு சோளக்காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் சவரிமுத்து விசாரித்தார். செம்பட்டை நாய், இடது காது நுனி வெட்டியிருக்கும் என்று அடையாளம் சொன்னார்.

"அது உங்க நாயுங்களா?" என்றார் அவர். "மூணு நாளாச்சுங்க. எங்கிருந்தோ வந்துச்சு. வந்த அன்னைக்கு அப்படியே சுருண்டு படுத்திருந்துச்சு. கொஞ்சம் கஞ்சி ஊத்துனேன். நேத்துப் பொழுது சாய, கூட்டமா நாலஞ்சு நாய் குட்டிப் பட்டியைச் சுத்தி வந்துச்சுங்க. என் நாயே பயந்து மாட்டு வண்டிக்கடியில போயிருச்சு. இது எந்திரிச்சு நின்னு கத்துன கத்துல ஒண்ணுகூட உள்ள வரலீங்க. என்னைய யாருன்னே தெரியாது அதுக்கு."

கிடைக்கு அந்தப் பக்கம், குட்டிகளை அடைத்த கூடாப்புக்கு முன்னால் செவலை படுத்திருந்தது.

வெள்ளையம்மாள் உடனே ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து, ஆட்டை ஓட்டும்போது போடுகிற மாதிரி நாக்கை மடக்கி ஒரு சத்தம் போட்டாள். செவலை தலையைத் தூக்கியது. எழுந்தது. குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது, அவளைப் பார்த்தது. இரண்டு அடி வைத்து மறுபடியும் குட்டிகளைப் பார்த்தது. "ஏ செவலே, அது அவுக ஆடு. நம்ம ஆடு வீட்ல இருக்கு, வா" என்றாள் வெள்ளையம்மாள். அப்புறம்தான் அது ஓடி வந்தது. வந்த வேகத்தில் அவளைக் கீழே தள்ளிவிட்டது.

டாக்டர் அந்த ஆட்டுப் புழுக்கையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்தார். "அம்மிணி, செத்த தையலைக் காட்டுங்க" என்றார். வயிற்றில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தார். புண் உலர்ந்து, தையல் ஒன்றுகூடப் பிரியாமல் இருந்தது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மூன்று நாளாக அவர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிடைக்காரர் நாயைத் தனக்கே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். வெள்ளையம்மாள் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்க நாயையும் டாக்டர்கிட்டக் குடுங்க. இதை மாதிரி ஆக்கித் தருவாரு" என்றாள். வண்டியில் ஏறிய பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கருப்பையை எடுத்தா காவல் போயிரும்னு சொன்னேனே. ஊரு பேரு தெரியாத ஆட்டுக்கு வயித்துப் புண்ணோட காவல் காத்திருக்கு, பாரு."

அன்று சாயந்தரம் ஊரில் அவள்தான் பேசினாள். நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. மறுவாரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாயைக் கயிற்றில் கட்டி அவர்களே கொண்டுவந்தார்கள். யாருக்கும் பிடிபடாத தெருநாய்களைப் பிடிக்க, அவற்றுக்குச் சோறு வைக்கிறவர்கள் சவரிமுத்துவோடு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரே மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் வருடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தப்பித்த இரண்டு பெட்டைகள் குட்டி போட்டன. திரும்பப் போய் அவற்றையும் பிடித்தோம். வருடா வருடம் ஊசி போடப் போனோம். இரண்டாம் வருடம் போனபோதுதான் ஊர் வேறு மாதிரி இருந்தது. ரோட்டில் நசுங்கிய குட்டிகள் இல்லை. மார்கழியில் பெட்டையைத் துரத்திக்கொண்டு கூட்டமாக ஓடும் ரகளை இல்லை. காது நுனி வெட்டிய நாய்கள் அதது வாசலில் படுத்துக்கொண்டு, எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஒதுங்கின. எலும்பும் தோலுமாக இருந்த பெட்டைகளின் மேல் முடி பளபளத்தது. சுகாதார நிலையத்து நர்ஸ், அந்த ஊர்க்காரர்கள் நாய்க்கடி ஊசிக்கு வருவது அபூர்வமாகிவிட்டது என்று சொன்னாள். கன்னத்தில் கடிபட்ட அந்தப் பிள்ளை, தழும்போடு, எங்களுக்கு நாய்களை அடையாளம் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தது.

வெள்ளையம்மாளின் பட்டியில் ஆடு பெருகியிருந்தது. அந்த வருடம் குட்டி ஒன்றைக்கூட நாய்க்குக் கொடுக்கவில்லை என்றாள்.

எத்தனையோ அதிகாரிகளின் கீழே வேலை பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், நல்லவர்களும் இருந்தார்கள். தனக்குக் கீழே இருக்கிற ஆளின் தப்பைத் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அதைச் சரி செய்ய ரோட்டு ரோடாக அலைந்த மனிதர் இவர் ஒருவர்தான். அதை அவர் பெரிதாக நினைக்கவும் இல்லை. வருடங்கள் கழித்து ஒரு தடவை அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "எந்த நாயுங்க?" என்று கேட்டுவிட்டு யோசித்தார்.

அவருக்கு மாறுதல் வந்தபோது மருந்தகத்தில் சின்னதாக வழியனுப்பு வைத்தோம். மாலை போட்டோம். வடையும் காபியும் கொடுத்தோம். அவருடைய பொருட்களைச் சவரிமுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் வெள்ளையம்மாள் வந்து நின்றாள். வேர்த்து விறுவிறுத்திருந்தது. கையில் கயிறு, கயிற்றில் ஒரு கறுப்புப் பெட்டை நாய்.

"வாங்க, உங்களுக்கு யாரு சொன்னாங்க நான் போறேன்னு?" என்றார் டாக்டர்.

"நீங்க போறீகளா?" என்றாள் அவள். அவளுக்கு அந்த விஷயமே தெரியாது. பிறகு நாயைக் காட்டினாள். "இது பக்கத்து ஊருது சார். எங்க எல்லைக்கு அந்தாண்ட திரியுது. அவுக கொண்டாற மாட்டாக. நான்தான் ஒரு வாரமாச் சோறு வச்சுப் பழக்கி, பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான், நடந்தே கூட்டியாந்தேன். நீங்க கெளம்பிட்டீகன்னா நான் இன்னொரு நாளைக்கு..."

டாக்டர் கயிற்றை வாங்கிக்கொண்டார். கறுப்பு நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "சாப்பாடு குடுத்தீங்களா?"

"நேத்துப் பொழுது சாய நிப்பாட்டுனதுதான். பச்சத் தண்ணி மட்டும் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தபடி உள்ளே போனார்.

"வாங்க அம்மிணி," என்றார், "எடை பாத்துரலாமுங்க."